பழைய நெட்வொர்க்கில் ரூட்டிங் சேவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரத்தில் அலுவலகம், மண்டபத்தில் ஐஸ் தொழிற்சாலை, பாம்பனில் மீன் கிடங்கு என்று மூன்று இடங்களில் இயங்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய ரூட்டர்களுக்கு, எந்த நெட்வொர்க்குக்கு எந்தப் பாதை என்று ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் ரிப் (RIP) நெறிமுறை மட்டுமே தெரியும். அவற்றோடு பேசுவதற்காக ஒரு லினக்ஸ் கணினியில் எஃப்.ஆர்.ஆர். (FRR) என்ற ரூட்டிங் மென்பொருள் தொகுப்பின், ரிப் பேசும் ரிப்டி (ripd) சேவை பின்னணியில் ஓடுகிறது. 1988இல் வரையறுக்கப்பட்ட நெறிமுறை என்பதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூன்று இடங்களுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் பக்கத்து ரூட்டர் சொல்வதையெல்லாம் ரிப் அப்படியே நம்பிவிடும். யாருடைய பேச்சைக் கேட்கலாம் என்று வரையறுக்காமல் அதை ஓடவிடுவதுதான் தவறுகளில் பெரியது.

பில் போடும் கணினிகள் இருக்கும் பக்கத்தில் ‘பாஸிவ்-இன்டர்ஃபேஸ்’ என்று எழுதியதோடு பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தக் கட்டளை சேவையின் வாயை மட்டுமே அடைக்கிறது, காதை அடைப்பதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது தவறான பாதையை அறிவித்தால் ரிப்டி அதை ஏற்றுக்கொள்ளும். ஆகவே அங்கே ரிப் அறிவிப்புகள் வந்துபோகும் யூடிபி 520ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் மூடுங்கள். ரூட்டர்களுக்கு இடையிலோ அதே போர்ட் திறந்திருக்க வேண்டும். பழைய ரூட்டர் ரிப்பின் இரண்டாம் பதிப்பைப் புரிந்துகொள்ளும் என்றால், அறிவிப்பு நம் ரூட்டரிடமிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் எம்டி5 கடவுச்சொல்லையும் சேர்த்துவிடுங்கள். முதல் பதிப்பில் கடவுச்சொல்லுக்கே இடமில்லை.

பதிப்பு விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரிப்டி தானாக இரண்டாம் பதிப்பில்தான் அனுப்பும், அதுவும் 224.0.0.9 என்ற மல்டிகாஸ்ட் (குழுவாகக் கேட்கும்) முகவரிக்கு. முதல் பதிப்பு மட்டும் தெரிந்த கருவிக்கு அது கேட்காது. சரி, முதல் பதிப்பிலேயே பேசலாம் என்றால், அதன் அறிவிப்புகளில் நெட்மாஸ்க், அதாவது முகவரித் தொகுதியின் அளவைச் சொல்லும் எண், இருக்காது. ஒரே முகவரித் தொகுதியைச் சிறுசிறு துண்டுகளாக்கி வெவ்வேறு அளவில் மூன்று ஊர்களுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தால், எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று அந்தக் கருவி குழம்பும். ஊருக்கு ஒரு முழுத் தொகுதியாகக் கொடுத்துவிடுவதே நல்லது.

இந்தக் கரையில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ரேடியோ இணைப்பு. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே கடலைத் தாண்டி நேரடி ரேடியோ இருக்கிறது, ராமநாதபுரம் வழியாகச் சுற்றிவரும் ஃபைபரும் இருக்கிறது என்றால், ரிப் ரேடியோவையே தேர்ந்தெடுக்கும். அது வேகத்தைப் பார்ப்பதில்லை; இடையில் எத்தனை ரூட்டர் என்று மட்டும் எண்ணுகிறது. ரேடியோ வழியாக வரும் பாதைகளுக்கு ‘ஆஃப்செட்-லிஸ்ட்’ கட்டளை மூலம் அந்த எண்ணிக்கையில் இரண்டைக் கூட்டினால் ஃபைபர் முன்னுக்கு வரும். மறுமுனையிலும் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் போவது ஃபைபரிலும் வருவது ரேடியோவிலுமாக ஆகிவிடும். வந்த வழியிலேயே பதிலும் போகுமா என்று பார்க்கும் லினக்ஸின் ஆர்பி-ஃபில்டர் (rp_filter) கண்டிப்பான நிலையில் இருந்தால், வந்த தரவுப் பொட்டலங்களையே அது கைவிட்டுவிடும். கூட்டும்போது அளவோடு கூட்டுங்கள், ரிப்பைப் பொறுத்தவரை 16 என்றால் போய்ச்சேர முடியாத இடம்.

உப்புக்காற்று கனெக்டர்களை அரித்து, பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் நாள்களில் ரேடியோ விட்டுவிட்டு வேலை செய்தால், ரூட்டருக்கு அது உடனே தெரியாது. ரூட்டரிலிருந்து ரேடியோவுக்குப் போகும் கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது! 30 வினாடிக்கு ஒரு முறை வர வேண்டிய அறிவிப்பு 180 வினாடி வரை வராமல் போனால்தான் பாதை கைவிடப்படும். இந்தத் தாமதத்தைப் பொறுக்காமல் ஒரு முனையில் மட்டும் அதை 20 வினாடியாகக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறுமுனை 30 வினாடிக்கு ஒரு முறைதான் பேசும் என்பதால், நல்ல இணைப்பிலேயே பாதை அணைந்து அணைந்து எரியும். மாற்றினால் எல்லா ரூட்டரிலும் ஒன்றாக மாற்றுங்கள். ஏதாவது ஒரு பழைய கருவி அதற்கு இடம் கொடுக்காவிட்டால் 180இலேயே விட்டுவிடுங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு வெளிப்படும் தவறுகள் சில. ஒரு பக்கம் வந்த பொட்டலத்தை மறுபக்கம் அனுப்பவிடும் ஐபி ஃபார்வர்டிங்கை நிரந்தரக் கோப்பில் எழுதாமல் விட்டால், கணினி மீண்டும் எழுந்ததும் பாதைகள் அட்டவணையில் அழகாகத் தெரியும், ஒரு பொட்டலமும் தாண்டாது. ‘ரைட் மெமரி’ என்ற சேமிப்புக் கட்டளை கொடுக்காத மாற்றங்கள் காணாமல் போயிருக்கும். முன்பு ஓடிய பழைய ரூட்டிங் சேவையை முடக்காமல் வைத்திருந்தால், அது முந்திக்கொண்டு 520ஐப் பிடித்துக்கொள்ளலாம். அவசரத்துக்குக் கையால் எழுதிய ஸ்டாட்டிக் பாதைகளையும் தேடி நீக்குங்கள். ஸ்டாட்டிக்கின் முன்னுரிமை எண் 1, ரிப்புக்கு 120. எண் சிறியதாக இருப்பதே வெல்லும் என்பதால், ரிப் எவ்வளவு சரியாகச் சொன்னாலும் எடுபடாது.

இந்த வேலைகளுக்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது கிடங்கில் நெருக்கடி குறைவு. மாற்றங்களைச் சேமித்த பின் ரேடியோவுக்கான மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டு, ரிப் பாதைகளைக் காட்டும் ‘ஷோ ஐபி ரிப்’ திரையை ஐந்து நிமிடம் பாருங்கள். ரேடியோவில் கற்ற பாதைகள் அதற்குள் விழுந்துவிட வேண்டும். பிறகு ரேடியோவை மீண்டும் இயக்கி, ஃபைபரைக் கழற்றி அதே சோதனையைச் செய்யுங்கள், கடைசியாகக் கணினியையே அணைத்து ஏற்றிப் பாருங்கள்.