டர்போ போட்ட லாரிக்குப் பழைய ஆயில் பம்ப் போதவில்லை

சங்ககிரியில் ஓடும் என் பழைய லாரி இன்ஜினுக்கு, கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் டர்போ போட்டேன். லோடோடு தொப்பூர் மேடு ஏறி நிறுத்தி ஐடிலில் விட்டால், ஆயில் பிரஷர் முள் 8 பவுண்டுக்குக் கீழே படுத்துவிடும். வயிற்றைக் கலக்கும்.

முதலில், பிரஷர் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கைக் கெட்டியாகப் போட்டேன். ஐடிலில் துளி மாற்றமில்லை. ஸ்பிரிங் உச்ச பிரஷரைத்தான் உயர்த்தும்; பம்ப் தள்ளாத ஆயிலை அது எங்கிருந்து கொண்டுவரும்? டர்போ பேரிங் வேறு புதிதாகப் பங்கு கேட்கிறது.

பம்பைப் பிரித்தேன். மூடித் தகட்டில் கியர் தேய்த்த வட்டத் தடம், நகம் மாட்டும் ஆழம். அந்த இடுக்கில் ஆயில் பின்னால் கசிந்துவிடும். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கின் இடைவெளி கூடினாலும் பிரஷர் விழும்; அதையும் அளந்து, அது சரியென்று தெரிந்தபிறகே, இதே இன்ஜினின் டர்போ மாடலுக்கு வரும் அகலக் கியர் பம்பை, அதற்குரிய ஸ்பிரிங்கோடு மாட்டினேன். பம்ப் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) குழாயையும் மாற்றினேன். பழையதன் துளை சிறியது.

இப்போது அதே மேட்டில், சூட்டோடு ஐடிலில் 18 பவுண்டு நிற்கிறது.