ஜெர்மன் சிப்பாய்க் கடிதம்: அசலா, ஜோடனையா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத் தபால், அதாவது ஃபெல்ட்போஸ்ட், 3,000 கோடிக்கு மேல் உருப்படிகளைச் சுமந்தது என்று கணக்குச் சொல்கிறார்கள். அதனால் சிப்பாய் அம்மாவுக்கு எழுதிய சாதாரணக் கடிதம் இன்றைக்கும் மலிவு. அதை யாரும் மெனக்கெட்டுப் போலி செய்வதில்லை. அந்த மலிவுக் கவரின் மேல் ஹிட்லரின் எஸ்.எஸ். படை முத்திரையையோ, ஜெர்மன் படை ரஷ்யாவில் முற்றுகையில் சிக்கிய ஸ்டாலின்கிராட் கதையையோ ஏற்றித்தான் காசு பார்க்கிறார்கள். கவர் அசல், மேலே குத்தியது போலி.

நான் ரயில்வே மெயிலில் சார்ட்டிங் பார்த்து ரிட்டையர் ஆனவன், இப்போது கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். "நினக்கெந்தினாடா ஜெர்மன்காரன்றெ கத்து?" (உனக்கு எதுக்குடா ஜெர்மன்காரன் கடிதம்?) என்று பக்கத்து வீட்டு ஏட்டன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எனக்குக் கடிதத்தைவிட முத்திரை மேல்தான் கண்.

முதலில் முகவரியைப் பாருங்கள். போர்முனையில் இருந்த பிரிவுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, ஐந்து இலக்க எண்தான். எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து இருந்தால் பட்டாலியனுக்குள் இருக்கும் உட்பிரிவு. முன்னால் எல் இருந்தால் விமானப்படை, எம் இருந்தால் கடற்படை. ரெஜிமென்ட் பெயரும் போர்முனை ஊரும் விலாவாரியாக எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். ரகசியத்துக்காகத்தானே எண்ணையே கொடுத்தார்கள்! உள்நாட்டு முகாம்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே பிரிவின் பெயர் வெளிப்படையாகவே இருக்கும்.

அப்புறம் முத்திரைகள். தபால் முத்திரையில் ஃபெல்ட்போஸ்ட் என்ற சொல்லும் தேதியும் இருக்கும், ஊர் இருக்காது. பக்கத்தில் கழுகு போட்ட பிரிவு முத்திரை இருக்கும். அதில் எண் இருந்தால், அனுப்பியவர் தன் கையால் எழுதிய எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். போலி செய்பவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். உலோக முத்திரையை ஓங்கிக் குத்தினால் காகிதத்தில் லேசாகப் பள்ளம் விழும். கவரின் பின்பக்கம் விரலால் தடவினாலே தெரியும். ரப்பர் முத்திரையில் மை ஓரத்துக்கு ஒதுங்கி நிற்கும். பத்து மடங்கு லென்ஸில் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிரிண்டர் வேலை.

கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. போருக்குப் பிந்தைய காகிதம் பெரும்பாலும் அதில் பளிச்சென்று நீலவெள்ளையாக மின்னும், போர்க்காலக் காகிதம் மங்கலாகவே இருக்கும். ஆனால் இது காகிதத்துக்கு மட்டுமான சோதனை. கடிதம் பால்பாயிண்டில் எழுதியிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். அவர்கள் எழுதியது பென்சில், இங்க் பேனா, நனைந்தால் ஊதாவாகும் காப்பிங் பென்சில்.

சிப்பாய்க்கு 250 கிராம் வரை தபால் இலவசம், ஸ்டாம்பே வேண்டாம். ஆனால் விமானத்தில் போகும் கடிதத்துக்கு ஸ்டாம்பு வேண்டும். 1942 ஏப்ரலில் வந்த நீல நிற விமான ஸ்டாம்பு 10 கிராம் வரையிலான கடிதத்துக்கு. தடித்த கவரில் அது ஒன்று மட்டும் ஒட்டியிருந்தால் கேள்வி கேளுங்கள். முத்திரைக் கோடு ஸ்டாம்பின் பல்விளிம்பைத் தாண்டிக் கவரில் இறங்கும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே மை அறுந்து, வேறு நிறத்தில் தொடர்ந்தால் ஸ்டாம்பு பிற்பாடு ஒட்டியது.

ஸ்டாலின்கிராட் என்று சொல்லி விற்றால் நாட்காட்டியை எடுங்கள். ஜெர்மனியின் ஆறாவது படை அங்கே முற்றுகையில் சிக்கியது 1942 நவம்பர் 22, 23 வாக்கில். அதன் பிறகு கடிதம் விமானத்தில்தான் வெளியே வர முடியும். முற்றுகைக்குள் இருந்த பிடோம்னிக் விமானதளம் 1943 ஜனவரி 16இல் ரஷ்யர் கைக்குப் போனது, சில நாளில் கும்ராக் தளமும் போனது. அதற்குப் பிறகு தேதியிட்டு உள்ளேயிருந்து வந்த கடிதம் என்றால் விற்பவர் நிறைய விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

நம்மாட்கள் அதிகம் ஏமாறுவது ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) ஸ்டாம்பில்தான். அவை பெர்லினில் அச்சானவை, நேதாஜி பெயரைச் சொன்னால் பர்ஸ் தானாகத் திறக்கும். ஆனால் தபாலில் புழக்கத்துக்கே வரவில்லை. அந்த ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்திய 'இந்தியச் சிப்பாய் கடிதம்' என்றால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

கவர் தேறிவிட்டதா? சரி, இனி ஆராய்ச்சி. எண் எந்தப் பிரிவுடையது என்று காட்டும் பட்டியல்கள் உண்டு. ஆனால் ஒரே எண் பின்னால் வேறு பிரிவுக்குப் போயிருக்கும், அதனால் கடிதத் தேதியோடு சேர்த்தே தேடுங்கள். எழுதியவர் போரில் இறந்தாரா என்று ஃபோல்க்ஸ்புண்ட் என்ற கல்லறைப் பராமரிப்பு அமைப்பின் இணையத் தேடலில் பார்க்கலாம். சிப்பாய்களின் பணிப் பதிவுகள் 2019 முதல் ஜெர்மன் தேசிய ஆவணக் காப்பகமான புண்டஸ்ஆர்கிவ் வசம். பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'இ' (e) எழுத்து 'என்' (n) போல இருக்கும், 'யு'வின் (u) தலைமேல் சின்ன வளைவு இருக்கும். இந்த இரண்டும் பிடிபட்டால் பெயர்களையாவது வாசித்துவிடலாம். முழுக் கடிதத்துக்கு, பழைய கையெழுத்தை வாசித்துத் தரும் டிரான்ஸ்கிரிபஸ் மென்பொருளை நாடுங்கள்.

விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மட்டும் ஜெர்மனியின் ஸ்டாம்புப் பரிசோதகர் சங்கமான பி.பி.பி.யின் பரிசோதகர் சான்றிதழ் கேளுங்கள். அம்மாவுக்கு எழுதிய கடிதத்துக்கு அது தண்டச் செலவு.