'ரிபட்டல்': எப்படிச் சொல்வது, எங்கே சொல்வது?

எதிரணி வைத்த வாதத்தைக் காரணம் காட்டி மறுப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரிபட்டல்' என்று பெயர். ஆர், இ, பி, யூ, இரண்டு டி, ஏ, எல் என எழுத்துகள் எட்டு. இதன் வினைச்சொல் 'ரிபட்'. அதில் ஒரு டிதான்.

படி 1: ரொட்டியில் தடவும் பட்டரைச் சொல்லிப் பாருங்கள். பட்டுச் சேலையில் வரும் 'ப' வேண்டாம்; 'அம்பு' என்பதில் கடைசி எழுத்து அதிர்கிறதே, அந்த ஒலி வேண்டும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

படி 2: 'பட்டர்' என்பதைப் 'பட்டல்' ஆக்குங்கள். முடிவை 'டால்' என்று இழுக்காதீர்கள். அந்த உயிரொலி மங்கிப்போய், நாக்கு டகரத்திலிருந்து ஏறக்குறைய நேராகவே லகரத்துக்குத் தாவும். நாக்கை மடிக்கவும் வேண்டாம். நுனி மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈற்றைத் தொட்டால் போதும். எழுத்தில் டி இரண்டு, ஒலியில் ஒன்றே. அமெரிக்கர் வாயில் அதுவும் மெலிந்து 'ரிபடல்' என்றே காதில் விழும்.

படி 3: முன்னால் குறிலாக ஒரு 'ரி' சேருங்கள். அழுத்தம் 'பட்' மீது. 'ரீப்ளே' சொல்லிப் பழகிய வாய் 'ரீபட்டல்' என்று தொடக்கத்திலேயே அழுத்தும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இதற்கு எழுத்திலேயே ஒரு துப்பு உண்டு. வினைச்சொல்லின் கடைசி அசையில் அழுத்தம் விழுவதால்தான், விகுதி சேரும்போது டி இரட்டிக்கிறது. நீதிமன்றச் செய்திகளில் வரும் 'அக்விட்டல்' (விடுதலை) என்ற சொல்லும் அப்படியே. 'விசிட்' முதல் அசையில் அழுத்தம் பெறுவதால் 'விசிட்டட்' ஆகும்போதும் அதற்கு ஒரே டி.

படி 4: பொருளில் குழம்பாதீர்கள். பள்ளியில் செல்பேசிக்குத் தடை வேண்டும் என்று கட்டுரை எழுதுகிறீர்கள். "அவசரத்துக்குப் பெற்றோரை எப்படி அழைப்பது?" என்று ஒருவர் கேட்பார் அல்லவா, அது 'கவுண்டர் ஆர்கியுமென்ட்'. "பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி இருக்கிறதே" என்று நீங்கள் சொல்லும் பதில்தான் ரிபட்டல். கேள்வியைத் தொடாமல் செல்பேசியின் தீமைகளை மறுபடி அடுக்கினால் அது ரிபட்டல் ஆகாது, எவ்வளவு உரக்கச் சொன்னாலும்.

'ரெஃப்யூட்' இதற்கு ஒரு படி மேல்: எதிர்வாதம் தவறு என்றே நிரூபித்துவிடுவது. ரிபட்டல் தோற்கவும் கூடும்.

படி 5: புழங்கும் இடங்களில் கேளுங்கள். 2024 ஜூன் 27 அன்று நடந்த பைடன், டிரம்ப் விவாதத்தில் பதிலுக்கு இரண்டு நிமிடம், ரிபட்டலுக்கு ஒரு நிமிடம் என்பது விதி. நம் ஊர்க் காசோலை வழக்குகளிலும் இச்சொல் உண்டு. கடனைத் தீர்க்கவே காசோலை தரப்பட்டது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139ஆம் பிரிவு அனுமானிக்கிறது; எதிர்த்தரப்பு ஆதாரம் காட்டி அதை முறியடிக்கலாம். வழக்கறிஞர்கள் இத்தகைய அனுமானத்தை 'ரிபட்டபிள்' என்பார்கள். அழுத்தம் அங்கும் 'பட்' மீதே.