பாலாத்துக்காக மனு எழுதுறது எப்படி

வேலூர் பக்கம் ஓடுற நம்ம பாலாத்துல நொரை பொங்கி வந்தா வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெக்கறோம், மறுநாள் அது காணாம போயிடுது. அதையே தேதி போட்டு பேப்பர்ல எழுதி குடுத்தா ஃபைல்ல ஏறிடும், யாராவது ஒருத்தர் பதில் சொல்லித்தான் ஆகணும். 1983ல டேராடூன் பக்கத்து சுண்ணாம்புக்கல் குவாரிங்கள பத்தி வந்த ஒரு லெட்டரையே சுப்ரீம் கோர்ட் வழக்கா எடுத்துகினு நிறைய குவாரிய மூட வெச்சுது. தோல் ஃபேக்டரி கழிவுத் தண்ணி பாலாத்த கெடுத்த நம்ம கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட் குடுத்த பெரிய தீர்ப்பும் வேலூர் ஜனங்க சேர்ந்து போட்ட மனுவாலதான்.

முதல்ல ஒண்ணு, ஒரே மேட்டர ஜெராக்ஸ் போட்டு கையெழுத்து மட்டும் வாங்காதீங்க. நாங்க அப்டி 60 பேர் குடுத்தோம், எல்லாத்தையும் ஒரே மனுவா கட்டி ரெண்டு வரில பதில் அனுப்பிட்டாங்க, மனசு விட்டுப் போச்சு. அடுத்த வாட்டி அவங்கவங்க பார்த்தத அவங்கவங்க கையால எழுதினோம். எங்க சித்தி எழுதினது இவ்ளோதான்: "கெணத்து தண்ணில பருப்பு வேகல, குண்டான் அடில வெள்ளையா உப்பு படியுது, ரெண்டு தென்னை காஞ்சிடுச்சு." எழுத்துப் பிழைய நான் திருத்தவே இல்ல, நீங்களும் திருத்தாதீங்க.

"சுற்றுச்சூழல் சீர்கெடுகிறது"ன்னு பொதுவா எழுதினா பொதுவாதான் பதில் வரும். என்னிக்கு, எத்தன மணிக்கு, எந்த ஓடை, தண்ணி என்ன கலரு, அழுகின முட்டை நாத்தம் அடிச்சுதா, இதெல்லாம் எழுதுங்க. தேதியோட ஃபோட்டோ பிரிண்ட் ஒண்ணு பின் பண்ணுங்க. எந்த ஃபேக்டரின்னு கண்ணால பாக்கலன்னா பேரு போடாதீங்க, இடத்த மட்டும் சொல்லுங்க. கடைசில ஒரே ஒரு கோரிக்கை, "இந்த ஓடைத் தண்ணிய சாம்பிள் எடுத்து ரிசல்ட் குடுங்க" மாதிரி. பத்து கோரிக்கை வெச்சா ஈசியானத மட்டும் பண்ணிட்டு முடிச்சுடுவாங்க.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல நேரா குடுத்து மனு நம்பர் வாங்காம நகராதீங்க, வேலூரு, ராணிப்பேட்டை, திருப்பத்தூருன்னு உங்க மாவட்டம் எதுன்னு பாத்துட்டு போங்க. மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு காப்பி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத பத்திரமா வெச்சுக்கோங்க. அதே விஷயத்த ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைல தீர்மானமா போட சொல்லுங்க, தீர்மானம் நோட்டுல ஏறுற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க.

ஒரு மாசம் ஆகியும் சத்தமே இல்லன்னா ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு) போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாள்ல பதில் தரணும். "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னு சண்டைக்கு போற மாதிரி கேக்காதீங்க. இந்த நம்பர் மனு மேல யாரு என்னிக்கு ஆய்வுக்கு வந்தாங்க, சாம்பிள் ரிப்போர்ட் நகல் குடுங்கன்னு கேளுங்க. வர்ற பதிலோட நகல அடுத்த மனுவுல சேத்து, பழைய நம்பர மேல எழுதி, மறுபடி திங்கக்கிழமை போய் நில்லுங்க.