மைசெல்ஃப், ஹிம்செல்ஃப்: எங்கே போடுவது, எங்கே விடுவது

தமிழில் 'தன்னை', 'தனக்கு' என்று வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் 'செல்ஃப்' வந்துவிடாது. ரிஃப்ளெக்சிவ் ப்ரொனவுனில், அதாவது வினையைச் செய்தவரையே திரும்பச் சுட்டும் மைசெல்ஃப், ஹிம்செல்ஃப் போன்ற சொற்களில், நமக்கு வரும் பிழைகள் பல இங்கேதான் பிறக்கின்றன.

முதலில் வடிவங்கள். ஒருமைக்கு மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப். பன்மைக்கு அவர்செல்வ்ஸ், யுவர்செல்வ்ஸ், தெம்செல்வ்ஸ். 'ஹிஸ்செல்ஃப்', 'தேர்செல்வ்ஸ்' என்று எழுதக்கூடாது. ஒருவரிடம் 'நீங்கள்' என்று மரியாதையாகப் பேசுகிறோமே என்று யுவர்செல்வ்ஸ் போடுவதும் தவறு. எதிரில் இருப்பவர் ஒருவர் என்றால், அவர் எவ்வளவு பெரியவரானாலும் யுவர்செல்ஃப்தான்.

அடிப்படை விதி எளிது. ஒரு வினையைச் செய்பவரும் அந்த வினைக்கு ஆளாகிறவரும் ஒரே ஆள் என்றால் செல்ஃப் வரும். 'ரவி பிளேம்ட் ஹிம்' என்றால் ரவி வேறு யாரையோ குறை சொன்னான். 'ரவி பிளேம்ட் ஹிம்செல்ஃப்' என்றால் தன்னையே நொந்துகொண்டான்.

சிக்கல் வருவது நீண்ட வாக்கியத்தில்தான். 'மாலா தன்னைத் திட்டியதாக ரவி சொன்னான்' என்று எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 'தன்னை' என்பது ரவியைக் குறிக்கலாம். தமிழ் அதற்கு இடம் தருகிறது. ஆங்கிலம் தராது. 'ரவி செட் தட் மாலா ஸ்கோல்டட் ஹிம்' என்றுதான் எழுத வேண்டும். ஹிம்செல்ஃப் போட்டால் வாக்கியமே பிழை, ஏனென்றால் 'ஸ்கோல்டட்' என்ற வினையைச் செய்தவள் மாலா. செல்ஃப் பொதுவாகத் தனக்கு மிக அருகில் இருக்கும் வினையின் எழுவாயைத்தான் பார்க்கும்; வாக்கியத்தின் தொடக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்காது.

'டு' சேர்ந்து வரும் வினைக்கு எழுவாய் கண்ணில் படாது. அதை நாம்தான் தேட வேண்டும். 'ரவி வான்டட் டு இன்ட்ரடியூஸ் ஹிம்செல்ஃப்': அறிமுகம் செய்யப்போவது ரவி. 'ரவி ஆஸ்க்ட் மாலா டு இன்ட்ரடியூஸ் ஹெர்செல்ஃப்': அறிமுகம் செய்யப்போவது மாலா. எழுதும்போது வினையில் விரலை வைத்து 'இதைச் செய்வது யார்?' என்று கேளுங்கள். விடையாக வரும் ஆளுக்குத்தான் செல்ஃப்.

அடுத்த பொறி நம் 'கொள்'. சவரம் செய்துகொண்டான் என்பதற்கு 'ஹி ஷேவ்ட்' போதும். உடுத்திக்கொண்டாள் என்பது 'ஷி காட் டிரெஸ்ட்'. கையை வெட்டிக்கொண்டான் என்றால் 'ஹி கட் ஹிஸ் ஹேண்ட்'. கையைச் சொல்லாமல் விட்டால் மட்டும் 'ஹி கட் ஹிம்செல்ஃப்'. சோர்வாக உணர்கிறேன் என்பதை 'ஐ ஃபீல் டயர்ட்' என்று சொல்லுங்கள், நடுவில் மைசெல்ஃப் வேண்டாம். ரிலாக்ஸ், கான்சன்ட்ரேட் ஆகியவையும் அப்படியே. 'என்ஜாய்' மட்டும் நேர்மாறு. எதை ரசித்தோம் என்று சொல்லாவிட்டால் 'வி என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்' என்று முடிக்க வேண்டும்.

ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டார்கள் என்றால் 'ஈச் அதர்'. தெம்செல்வ்ஸ் போட்டால் அவரவர் தங்களையே நொந்துகொண்டதாகிவிடும்.

'மைசெல்ஃப் குமார்' என்று அறிமுகம் செய்துகொள்ளும் பழக்கத்தை உடனே விடுங்கள். 'ஐ ஆம் குமார்' போதும். செல்ஃப் தனியாக எழுவாயாக நிற்காது. அலுவலக மின்னஞ்சலில் 'ப்ளீஸ் கான்டாக்ட் மாலா ஆர் மைசெல்ஃப்' என்று எழுதுவதும் பரவலாக இருக்கிறது. பணிவாகத் தோன்றுவதால் பலர் இதை விரும்புகிறார்கள், ஆனால் கவனமாக எழுதும் ஆங்கிலத்தில் இது தவிர்க்க வேண்டியது. மாலாவை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: 'கான்டாக்ட் மைசெல்ஃப்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே 'மாலா ஆர் மீ'.

இடத்தைச் சொல்லும் முன்னிடைச் சொல்லுக்கு (ப்ரிபோசிஷன்) பின் சாதாரண வடிவமே இயல்பு: 'ஷி புட் தி பேக் பிசைட் ஹெர்', 'ஹி டுக் ஆன் அம்ப்ரெல்லா வித் ஹிம்'. ஆனால் முன்னிடைச் சொல் வினையோடு ஒட்டிக்கொண்டால் செல்ஃப் திரும்பிவிடும்: 'ஷி லுக்ட் அட் ஹெர்செல்ஃப்'.

அழுத்தத்துக்காக வரும் செல்ஃப் வேறு வகை. 'தி மேனேஜர் ஹிம்செல்ஃப் கேம்' என்பது நம் 'மேனேஜரே வந்தார்'. அதை நீக்கினாலும் வாக்கியம் நிற்கும்; ரிஃப்ளெக்சிவை நீக்கினால் பெரும்பாலும் உடையும் அல்லது பொருள் மாறும். 'பை மைசெல்ஃப்' என்பதற்கு மட்டும் இரண்டு பொருள்: 'ஐ லிவ் பை மைசெல்ஃப்' என்றால் தனியாக வசிக்கிறேன், 'ஐ ஃபிக்ஸ்ட் இட் பை மைசெல்ஃப்' என்றால் பிறர் உதவியின்றிச் சரிசெய்தேன்.