பழைய ஃபெராரி, போர்ஷே வாங்கும் முன் இன்ஸ்பெக்ஷன்: எங்கே கோட்டை விடுகிறார்கள், எப்படிச் செய்ய வைப்பது

"என்ஜின் நல்ல நிலையில் உள்ளது" என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் எத்தனை சதவீதம் காற்று கசிகிறது, என்ஜின் சூடாக இருந்தபோது பார்த்ததா, அடித்தட்டைக் கழற்றினார்களா, டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் ரப்பர் பெல்ட்) மாற்றிய பில்லில் என்ன தேதி? இதற்கெல்லாம் பதில் இருந்தால்தான் அது அறிக்கை. 20, 30 வயதான ஸ்போர்ட்ஸ் காரை இன்ஸ்பெக்ஷன் செய்துதான் வாங்கினேன், அப்படியும் மாட்டிக்கொண்டேன் என்பவர்கள் நிறைய. பார்த்தவர் எதைப் பார்க்காமல் விட்டார் என்று அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்ஸ்பெக்ஷன் சொதப்புவதற்குக் காரணங்கள் சில. முதலாவது, விற்பவர் வழக்கமாக வண்டி விடும் ஒர்க்‌ஷாப்பிலேயே பார்ப்பது. அவர்களுக்கு வண்டி நன்றாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் போன வருடம் தாங்களே செய்த வேலையில் குறை இருக்கிறது என்று எந்த மெக்கானிக்கும் எழுதித் தரமாட்டார். இரண்டாவது, எல்லாக் காருக்கும் பொதுவான 150 அம்சப் பட்டியல். அதில் வைப்பருக்கும் ஹாரனுக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் ஆளுக்கொரு டிக். 147 டிக் விழுந்த காரில் விடுபட்ட மூன்றுதான் என்ஜினையே தின்னும் விஷயமாக இருக்கலாம். மூன்றாவது, நேரம். கண்ணால் பார்த்து ஓட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். பிளக் கழற்றி, அடித்தட்டு இறக்கி, ஸ்கேனர் போட்டுப் பார்க்க அரை நாளிலிருந்து ஒரு முழு நாள் ஆகும். ஒரு மணி நேரக் கட்டணம் வாங்குபவர் ஒரு மணி நேர வேலைதான் செய்வார். அது அவர் தப்பு இல்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "எதையும் கழற்றாமல், கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் பார்த்தது" என்று இருக்கும். அந்த வரியை முதலில் படியுங்கள்.

யாரிடம் கொடுப்பது

அதே மாடலை உள்ளே திறந்து வேலை பார்த்த ஆள் வேண்டும். பெரிய போர்டு வைத்த கடை என்பது போதாது. போனிலேயே ஒரு கேள்வி கேட்டால் ஆளைத் தெரிந்துவிடும்: "இந்த மாடலில் டைமிங் பெல்ட்டை எப்படி மாற்றுவீர்கள்?" ஃபெராரி டெஸ்டரோஸா, 348, எஃப்355 என்றால் என்ஜினையே கீழே இறக்க வேண்டும் என்று பதில் வர வேண்டும். 360 மொடேனாவில் சீட்டுக்குப் பின்னாலுள்ள பேனலைத் திறந்து, என்ஜினை இறக்காமலே மாற்றலாம். எஃப்430-இல் பெல்ட்டே கிடையாது, செயின்தான். எஃப்430-க்கு பெல்ட் மாற்ற ரேட் சொல்பவருக்கு நன்றி சொல்லி போனை வையுங்கள்.

வண்டி தூரத்து ஊரில் இருந்தால், அந்தப் பக்கத்து ஸ்பெஷலிஸ்டைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால், லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுவர விற்பவர் சம்மதிக்க வேண்டும். வீட்டு வாசலில் நிறுத்தி, குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பதை இன்ஸ்பெக்ஷன் என்று சொல்ல முடியாது.

வேலைப் பட்டியலை நீங்கள் எழுதுங்கள்

"நல்லா பார்த்துச் சொல்லுங்க" என்று விட்டால் அவரவர் வழக்கப்படி பார்ப்பார்கள். என்னென்ன கழற்ற வேண்டும், என்னென்ன அளக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பிளக் கழற்றவும் அடித்தட்டு இறக்கவும் விற்பவரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மறுபடி மாட்டும் செலவும் புது பிளக் செலவும் உங்களுடையது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்கும் முடியாது என்றால், அந்த மறுப்பே ஒரு தகவல்.

காலையில் வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். இதைச் சொல்லியும் பலர் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருப்பார்கள், ஏனென்றால் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் புகையும் டக்டக் சத்தமும் வெளியே வரும். சைலன்சர் முனையைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

கம்ப்ரெஷன் போதாது, லீக்டவுன் வேண்டும்

ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுழற்றி, சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பதுதான் கம்ப்ரெஷன் டெஸ்ட். அது சுலபம், அதனால்தான் எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பேட்டரி இறங்கியிருந்தால் எல்லா சிலிண்டரிலும் எண் குறையும். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் தேங்கியிருந்தால் எண் ஏறும். எனவே தனித்தனி எண்ணைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசம்தான் பேசும்; 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

லீக்டவுன் டெஸ்டில் சூடான என்ஜினில் பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ அளவில் காற்றை ஏற்றி, எவ்வளவு தப்பிக்கிறது என்று பார்க்கிறோம். பிஸ்டன் சரியாக உச்சியில் இல்லாவிட்டால் காற்று அழுத்தத்தில் என்ஜின் சுழன்றுவிடும், அந்த ரீடிங் குப்பை. 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 20-ஐத் தாண்டினால் காரணம் தெரிந்தாக வேண்டும். எல்லாம் 6, 7 என்றிருக்கையில் ஒரு சிலிண்டர் மட்டும் 16 காட்டினால், 20-க்குக் கீழேதானே என்று விடக்கூடாது.

எண்ணோடு காதும் வேண்டும். இன்டேக் பக்கம் 'உஸ்' என்றால் இன்டேக் வால்வ். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் கேட்கிறதென்றால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். கூலண்ட் டேங்கில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். எஃப்355-இன் ஆரம்பகாலக் கார்களில் வெண்கல வால்வ் கைடு சீக்கிரம் தேயும் என்பதால், அந்த மாடலில் எக்ஸாஸ்ட் பக்கச் சத்தத்துக்குத் தனி மதிப்பு. அதே காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடுவதும் சகஜம். மேலே உள்ள வெப்பக் கவசத்தைக் கழற்றாமல் பார்த்தால் தெரியாது.

இங்கே எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஆறு மாதம் நின்ற வண்டியில் வால்வ் மூடி அமரும் இடத்தில் கரி படிந்து 15, 18 சதவீதம் காட்டலாம். அதைப் பார்த்ததும் என்ஜின் போச்சு என்று எழுதும் மெக்கானிக்கும் அந்த மாடலை அறியாதவர்தான். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளந்தால் இறங்கும், இறங்காவிட்டால் கோளாறு. பழைய ஃபெராரியில் கியர்பாக்ஸ் ஆயில் சூடேறும் வரை இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பதும் இப்படித்தான். சூடான பிறகும் கரகரத்தால்தான் சின்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) தேய்மானம்.

லீக்டவுனும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. போர்ஷே 996 வந்த 1997-இலிருந்து 2008 வரையிலான 911 கரேரா என்ஜின்களில் சிலிண்டர் சுவர் கீறல் விழுவது பெயர்பெற்ற கோளாறு. கீறல் தொடங்கிய நிலையில் லீக்டவுன் எண் அழகாகவே இருக்கும். போரோஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா) விட்டுத்தான் பார்க்க வேண்டும். பிளக் துளை வழியாக விட்டால் மேல்பகுதிதான் சரியாகத் தெரியும். ஆயில் சம்ப்பை (என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியை) இறக்கி, கீழேயிருந்து விட்டால்தான் கீறல் விழும் பகுதி தெரியும். ஒரு பக்கச் சைலன்சர் மட்டும் கரியாக இருப்பது, ஆயில் குறைவது, ஒரு பக்கம் தட்டும் சத்தம் இருந்தால் இதைச் செய்யாமல் விடாதீர்கள். இதே என்ஜின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் (கேம் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைக் கடத்தும் தண்டு) பேரிங் பிரச்சினையும் உண்டு. ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து டர்போ, ஜிடி3 மாடல்களில் வேறு என்ஜின். அவற்றுக்கும் இதே பயத்தைக் காட்டுபவர் வேறு எங்கோ படித்ததைச் சொல்கிறார்.

ஸ்கேனர் சொல்வது, சொல்லாதது

மலிவான ஸ்கேனர் என்ஜின் புகை தொடர்பான கோளாறுகளை மட்டும் படிக்கும். கியர்பாக்ஸ், ஏர்பேக், சஸ்பென்ஷன் எதையும் தொடாது. அந்தத் தயாரிப்பாளருக்கான கருவி வேண்டும். "கோளாறு ஏதும் இல்லை" என்று காட்டினால், ரெடினஸ் மானிட்டர்கள் (கார் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முடியாமல் நின்றால், அண்மையில் கோளாறுப் பதிவுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இந்த வகைக் கார்களை பேட்டரி கழற்றி நிறுத்துவது வழக்கம் என்பதால் உடனே திருட்டுத்தனம் என்று முடிவு கட்ட வேண்டாம். நன்றாக ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள்.

போர்ஷேயில் ஓவர்-ரெவ் பதிவு, அதாவது என்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்ற தடவைகளின் கணக்கு, வேகப் படிவாரியாகக் கிடைக்கும். 996-இல் 2 படிகள், அடுத்து வந்த 997-இல் 6 படிகள். மேல்படிகள் தவறான கியருக்கு இறக்கினால் மட்டுமே பதிவாகும், ஏனென்றால் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சுழற்சி வேகத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் தடுத்துவிடும். கடைசிச் சம்பவம் நடந்த என்ஜின் மணி நேரத்தையும் இன்றைய மொத்த மணி நேரத்தையும் ஒப்பிடுங்கள். 300 மணி நேரம் முன்பு நடந்து, அதன்பின் நன்றாக ஓடுகிறதென்றால் ஆபத்து பெரும்பாலும் கடந்துவிட்டது. மொத்த மணி நேரம் இன்னொரு ரகசியமும் சொல்லும்: மீட்டர் 50,000 கி.மீ., என்ஜின் 2,000 மணி நேரம் என்றால் சராசரி மணிக்கு 25 கி.மீ. வார இறுதி வண்டி என்று விற்கப்படும் காருக்கு இது பொருந்தாது, மீட்டரைச் சந்தேகிக்கலாம்.

எஃப்1 கியர்பாக்ஸ் (கிளட்ச் பெடல் இல்லாமல், ஸ்டீயரிங் அருகிலுள்ள துடுப்புகளால் மாற்றுவது) உள்ள ஃபெராரியில் கிளட்ச் தேய்மானம் சதவீதமாக வரும். புது கிளட்ச் போட்டபோது கம்ப்யூட்டரில் ஆரம்ப அளவைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அந்தச் சதவீதம் வெறும் எண்தான். கிளட்ச் பில்லோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாடி

பெயின்ட் மீட்டர் வைத்திருக்கிறேன் என்பார்கள். எந்த வகை என்று கேளுங்கள். காந்த வகை இரும்பில் மட்டும் வேலை செய்யும். டெஸ்டரோஸாவில் கதவும் கூரையும் இரும்பு, மற்றவை அலுமினியம். 360 முழுக்க அலுமினியம். லோட்டஸ் எஸ்ப்ரிட் மாதிரி ஃபைபர் பாடியில் அல்ட்ராசோனிக் மீட்டர் வேண்டும். பொதுவாகக் கம்பெனி பெயின்ட் 100 முதல் 180 மைக்ரான். 300-க்கு மேல் மறுபெயின்ட், 1,000-ஐத் தாண்டினால் அடியில் பட்டி. மறுபெயின்ட் குற்றமில்லை, முன்பக்கம் கல் பட்டு அடித்திருப்பார்கள். கூரையிலும் கதவு ஓரத்திலும் அடித்திருந்தால்தான் ஏன் என்று தோண்ட வேண்டும். டிங்கர் வேலையை மேலிருந்து தேடுவதைவிட, அடித்தட்டைக் கழற்றி, கம்பெனி வெல்டிங்கும் கைவெல்டிங்கும் வேறுபடும் இடங்களை முன் ரேடியேட்டர் பிடிமானத்தைச் சுற்றிப் பாருங்கள்.

தேதிகள்

டைமிங் பெல்ட்டுக்கு கிலோமீட்டர் கணக்கு உதவாது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் காயும். 3 முதல் 5 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பெல்ட் மாத்தியாச்சு" என்பது வாய்ப்பேச்சு. பில்லில் தேதி, கி.மீ., டென்ஷனர் பேரிங் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), கேம் சீல் (ஆயில் கசியாமல் அடைப்பது) எல்லாம் இருக்கிறதா? பெல்ட் மட்டும் மாற்றியிருந்தால் அது பாதி வேலை. டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி 4 இலக்கம் தயாரித்த தேதி: 3517 என்றால் 2017-இன் 35-வது வாரம். 3 இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். டயரின் பட்டன் எவ்வளவு தேயாமல் இருந்தாலும் அதில் டெஸ்ட் டிரைவ் போகாதீர்கள். பெட்ரோல் ஹோஸ்களும் அப்படித்தான். சூடான என்ஜினுக்கு மேலே காய்ந்த ஹோஸ் வெடித்தால் வண்டியே எரிந்துவிடும்.

அறிக்கையில் ஒவ்வொரு சிலிண்டரின் எண், ஸ்கேனர் பிரின்ட், சேசிஸ் நம்பர் தெரியும் போட்டோ, "பார்க்காதவை" என்று தனிப் பட்டியல் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடைசிப் பட்டியல் தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால், இன்ஸ்பெக்ஷனில் திருப்தி இல்லையென்றால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வு முடிந்த நிமிடத்தில் மீட்டர் எண்ணையும் நான்கு டயரின் தேதிகளையும் போட்டோ எடுத்து வையுங்கள். பணம் கைமாறும் நாளில் வண்டி அதே எண்ணோடும் அதே டயரோடும் நிற்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.