மீண்டு வந்த கதையை எழுத: முதல் வரைவில் ‘நான்’ வேண்டாம்

மனச்சோர்விலிருந்தோ பதற்றத்திலிருந்தோ மீண்ட கதையை எழுதும்போது, முதல் வரைவை ‘அவள்’ அல்லது ‘அவன்’ என்று படர்க்கையில் எழுதிவிடுங்கள். முழுதாக முடித்த பிறகு ‘நான்’ ஆக மாற்றிக்கொள்ளலாம்.

தன்னைப் பற்றியே படர்க்கையில் யோசிக்கும்போது நடந்ததிலிருந்து கொஞ்சம் விலகி நிற்க முடிகிறது, உணர்ச்சியின் வேகமும் தணிகிறது என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. ‘நான் உடைந்துபோனேன்’ என்று எழுதக் கை போகும் இடத்தில், ‘மூன்று நாளாகத் தலை வாரவில்லை, போன் அடித்தால் எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்’ என்று வரும். வாசகருக்கு வேண்டியது இந்த வரிதான். தமிழில் இன்னொரு லாபமும் உண்டு. ‘வைத்தாள்’ என்பதை ‘வைத்தேன்’ ஆக்க ஒவ்வொரு வினைமுற்றையும் தொட்டாக வேண்டும். கணினியில் ஒரே தட்டில் மாற்ற முடியாது. எரிச்சலான வேலைதான், ஆனால் அதிலேயே பாதித் திருத்தம் முடிந்துவிடும். மிகையான வரிகள் கண்ணில் படும், அப்புறம் வெளியே சொல்லக் கூடாத பெயர்களும்.

ஒருவருக்குக் கடிதமாக எழுதுவதென்றால் இது தேவையில்லை. எழுதிய இரவில் தூக்கம் கெடுகிறது, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் எந்த உத்தியும் வேண்டாம். நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசுங்கள். தன்னைத் தானே வெளியிலிருந்து பார்ப்பது போன்ற உணர்வே தொல்லையாக இருந்தவர்கள் ‘நான்’ என்றே தொடங்கலாம்.